சுண்ணாம்புத் தண்ணீரும் ஜோசப் பிளாக்கும்

மலர்க் குழு நண்பர்கள் கட்டுரை கேட்டபோது, எனக்கு இலக்கியம் வராது, கெமிஸ்ட்ரிதான் வரும் என்றேன். அப்ப அதையே எழுதுங்க என்றார்கள். சரி, நாற்பது வருடங்களுக்கும் மேலாக மனசில் கிடக்கும் ஒரு பழைய தப்பை ஒப்புக்கொண்டு, கூடவே ஒரு பெரிய மனிதரின் கதையையும் சொல்லிவிடுகிறேன்.

1979-ல் நான் பி.எஸ்சி. முதலாண்டு. ஸ்ரீரங்கத்திலிருந்து ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து, வியர்வை காய்வதற்குள் லேபுக்குள் நுழைய வேண்டும். ஒரு நாள், தெளிந்த சுண்ணாம்பு நீருக்குள் கண்ணாடிக் குழாய் வைத்து மூச்சை ஊதும் சோதனை. ஊதியதும் தண்ணீர் பால் மாதிரி ஆயிற்று. அதோடு விட்டிருக்கலாம். யார் அதிக நேரம் ஊதுவது என்று பக்கத்து டேபிள் நண்பனோடு பந்தயம். அவன் சீக்கிரமே ஓய்ந்துவிட்டான். நான் விடாமல் ஊதினேன். பார்த்தால், பால் மெல்ல மறைந்து தண்ணீர் மறுபடி தெளிந்துவிட்டது!

எனக்கு வயிற்றைக் கலக்கியது. எதையோ கெடுத்துத் தொலைத்துவிட்டோம் என்று சிங்க்கில் கொட்டினேன். ரெக்கார்டு நோட்டில் பால் போல் மாறியது என்று மட்டும் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டேன். கண்ணால் கண்டதை மறைத்துவிட்டு, புத்தகத்தில் இருந்ததை எழுதினேன். அதுதான் அந்தத் தப்பு.

இந்தச் சோதனைக்குப் பின்னால் இருக்கும் ஜோசப் பிளாக்கைப் பற்றி வெகு காலம் கழித்துத்தான் படித்தேன்.

பிளாக் 1728-ல் பிரான்சின் போர்தோ நகரில் பிறந்தார். அப்பா பெல்ஃபாஸ்டிலிருந்து போன ஒயின் வியாபாரி, ஸ்காட்லாந்து வம்சாவளி. பையனைப் பன்னிரண்டு வயதில் பெல்ஃபாஸ்டுக்குப் படிக்க அனுப்பினார்கள். பிறகு கிளாஸ்கோ பல்கலைக்கழகம். அங்கே வில்லியம் கல்லன் என்ற நல்லாசிரியரிடம் கெமிஸ்ட்ரி ருசி கண்டு, மூன்று வருடம் அவருக்கே உதவியாளராக இருந்தார். 1752-ல் டாக்டர் படிப்பை முடிக்க எடின்பரோ போனார்.

அந்தக் காலத்தில் கல்லடைப்பு என்றால் நரக வேதனை. மயக்க மருந்து கிடையாது, ஆபரேஷன் பாதி சாவு. திருச்சி வெயிலில் கல்லடைப்பு கண்டவர்களுக்கு அந்த வலி புரியும். ஜோவானா ஸ்டீபன்ஸ் என்ற பெண்மணி, கல்லைக் கரைக்கும் மருந்து தன்னிடம் இருப்பதாகச் சொன்னார். பிரிட்டிஷ் பார்லிமெண்ட் 1739-ல் 5,000 பவுண்டு கொடுத்து அந்த ரகசியத்தை வாங்கியது. பிரித்துப் பார்த்தால், முக்கியமான சரக்கு சுட்ட முட்டை ஓடும் நத்தையும் சோப்பும்! அதாவது, சுண்ணாம்பு.

உடனே எடின்பரோ பேராசிரியர்கள் இருவருக்குள் தகராறு. மருந்துக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பு உசத்தியா, கல் சுண்ணாம்பு உசத்தியா? எங்கள் ஸ்ரீரங்கத்து வீட்டுச் சுவர் பூச வந்த கொத்தனார்களும் இதே சண்டையைப் போட்டதை நான் திண்ணையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். பரீட்சை போடப் போகும் வாத்தியார்கள் மோதிக்கொண்டால் மாணவன் என்ன செய்வான்? பிளாக் சுண்ணாம்பை ஒதுக்கிவிட்டு வெள்ளை மக்னீசியாவை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டார். 1754-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். கல்லைக் கரைக்கும் மருந்து என்னவோ கிடைக்கவில்லை. வேறொன்று கிடைத்தது.

மக்னீசியாவைச் சுட்டார், எடை பாதிக்கு மேல் குறைந்தது. வெளியே வந்த நீரைப் பிடித்து நிறுத்தார், அது கொஞ்சமே. அப்படியானால் மீதி எங்கே போயிற்று? காற்றாகத்தான் போயிருக்க வேண்டும் என்று முடிவுக்கு வந்தார். அடுத்து, ஒதுக்கி வைத்த சுண்ணாம்புக்கே திரும்பினார். சுண்ணாம்புக்கல் பரம சாது. காளவாயில் சுட்டு எடுத்தால் நாக்கைப் பொத்துவிடும், தண்ணீர் ஊற்றினால் கொதிக்கும். நெருப்பிலிருந்து ஏதோ ஒன்று கல்லுக்குள் ஏறிவிடுகிறது என்றுதான் அதுவரை படித்தவர்களே நம்பினார்கள். பிளாக் தராசை எடுத்தார். 120 கிரெயின் சாக்குக் கல். நம் கணக்கில் ஒரு பவுனுக்குக் கொஞ்சம் குறைவு. சுட்ட பின் 68 கிரெயின்தான் நின்றது. எதுவும் ஏறவில்லை, இறங்கியிருக்கிறது! இன்றைய கணக்குப்படி 100 கிராம் சுண்ணாம்புக்கல்லில் 44 கிராம் கரியமில வாயுவாகப் போய், 56 கிராம் மிஞ்ச வேண்டும். அவர் தராசு எவ்வளவு கிட்டத்தில் வந்திருக்கிறது பாருங்கள்.

இதை 1756-ல் அச்சில் வெளியிட்டார். கல்லுக்குள் கட்டுண்டு கிடந்ததால் அதற்குக் கட்டுண்ட காற்று என்று பெயர். சுண்ணாம்பு நீர் இழந்த அந்தக் காற்றைத் திரும்பப் பிடித்துக்கொண்டு, கரையாத சாக்காக மாறுகிறது. அதுதான் பால் நிறம். நம் மூச்சிலும், எரியும் கரியிலும், புளித்து நுரைக்கும் மாவிலும் அதே காற்று உண்டு என்பதைச் சுண்ணாம்பு நீரே காட்டிக்கொடுத்தது. பாட்டியின் கரண்டகத்தில் சுண்ணாம்பு மேலே ஏடு கட்டிக் காய்வதும், சுவரில் பூசிய சுண்ணாம்பு வருடக்கணக்கில் இறுகிக் கல்லாவதும் இதே வேலைதான். (தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை: கந்தக டை ஆக்சைடும் சுண்ணாம்பு நீரைப் பாலாக்கும். ஆரஞ்சு நிற டைகுரோமேட்டைப் பச்சையாக்கினால் அது கந்தகம். அவசரப்பட்டுக் கார்பனேட் என்று எழுதிவிடாதீர்கள்.)

இந்தக் காற்று தண்ணீரில் கரைந்தால் லேசான அமிலம். கோலி சோடாவின் சுருக் அதுதான். இப்போது என் கதைக்கு வருகிறேன். நான் ஊதிக்கொண்டே இருந்ததால் அமிலம் கூடி, கரையாத சாக்கைக் கரையும் பைகார்பனேட்டாக்கிவிட்டது. கொதிக்க வைத்திருந்தால் மறுபடி கலங்கியிருக்கும். போர் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சமாச்சாரம். ஹென்றி கேவண்டிஷ் 1767-ல் லண்டன் பம்புத் தண்ணீர் ஒன்றை ஆராய்ந்து இதைத்தான் எழுதினார். நான் சிங்க்கில் கொட்டியது தப்பான விடை அல்ல, அடுத்த பாடம்!

பிளாக் 1756-ல் கிளாஸ்கோவில் பேராசிரியரானார். பனி உருகும்போது வெப்பம் உள்ளே போயும் சூடு ஏறாததைக் கவனித்து, உள்ளுறை வெப்பத்தைக் கண்டுபிடித்தார். அங்கே கருவி பழுது பார்த்துக்கொண்டிருந்த ஜேம்ஸ் வாட்டுக்கு நண்பராகிப் பணம் கொடுத்தும் உதவினார். 1766-ல் எடின்பரோவுக்குத் திரும்பி, முப்பது வருடம் போல அங்கே பாடம் நடத்தினார். நைட்ரஜனைப் பிரித்துக் காட்டிய டேனியல் ரூதர்ஃபோர்டு அவர் மாணவர். பிளாக் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, நோஞ்சான் உடம்பு. எழுதி வெளியிட்டது மிகக் குறைவு. வகுப்பறைதான் அவருக்குப் புத்தகம். அந்த உரைகளே அவர் காலத்துக்குப் பிறகு, 1803-ல்தான் அச்சேறின. மாணவர்கள் கட்டும் ஃபீஸ் தங்கக் காசுகளைக்கூட ஒவ்வொன்றாக நிறுத்துத்தான் வாங்குவாராம். எடை குறைந்த காசு வந்துவிடுமே!

1799-ன் கடைசியில், 71 வயதில், மேஜை முன் உட்கார்ந்தபடியே உயிர் பிரிந்தது. மடியில் வைத்திருந்த பால் கிண்ணம் சிந்தவே இல்லை என்கிறார்கள்.

தராசு என்ன காட்டியதோ அதையே எழுதினார் பிளாக். வாத்தியார் சொன்னாரா, புத்தகத்தில் இருந்ததா என்று பார்க்கவில்லை. நானோ கண்ணெதிரே தெளிந்த தண்ணீரைக் கொட்டிவிட்டேன். இன்று அதே மாதிரி டேபிள் முன் நிற்கும் தம்பி தங்கைகளே, சோதனை எதிர்பாராத பக்கம் திரும்பினால் கொட்டிவிடாதீங்க. பார்த்ததை அப்படியே எழுதிவிட்டு, ஏன் என்று கேளுங்க. மார்க் ஒன்றிரண்டு போனால் போகட்டும்.

ரீயூனியனுக்கு அந்தப் பந்தய நண்பனும் வருகிறான். சுண்ணாம்பு நீர் தருவதாக லேபில் சொல்லியிருக்கிறார்கள். இருவருக்கும் இப்போது மூச்சு எவ்வளவு நிற்கிறது என்று பார்த்துவிடுவோம். இந்த முறை தண்ணீர் தெளியும் வரை ஊதி, கண்டதைக் கண்டபடி எழுதி வைக்கப் போகிறேன்.