ஆல்டோ லியோபோல்டு: தீயின் இயல்பை ஓர்ந்த பெரியார்

நெருப்பு மாந்தர்க்கு நண்பனோ பகைவனோ என்னும் வினா மிகப் பழையது. அடுப்பில் எரியுங்கால் அன்னமளிக்கும் அதுவே, கூரையிற் பற்றியக்கால் குடியைக் கெடுக்கின்றது. காட்டிற் பற்றும் தீயை எவ்வாறு கொள்வது? அதனை ஐயமின்றிப் பகையென்றே வனநூலறிஞருட் பெரும்பாலோர் துணிந்திருந்த காலத்தில், தாமும் அவ்வாறே துணிந்து எழுதியவர் ஒருவர். பின்னர் மலையும் மரமும் வேறு சான்று பகரக் கண்டு, தம் கருத்தை மாற்றிக்கொள்ள அவர் நாணவில்லை. அவரே அமெரிக்க நாட்டு ஆல்டோ லியோபோல்டு. அப்பெரியாரின் வரலாற்றைச் சுருங்கக் கூறுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

லியோபோல்டு 1887-ம் ஆண்டு ஜனவரித் திங்கள் 11-ம் நாள், ஐயோவா மாகாணத்தில் மிஸிஸிப்பி யாற்றங்கரையிலுள்ள பர்லிங்டன் நகரிற் பிறந்தார். தந்தையார் மர மேசைகள் செய்து விற்கும் தொழிலினர். அவர் ஓய்வு நாட்களிற் புதல்வரை ஆற்றோரத்துச் சதுப்பு நிலங்கட்கு அழைத்துச் சென்று, புள்ளையும் விலங்கையும் உற்று நோக்கப் பயிற்றினார். ஏட்டுக் கல்விக்கு முன்னரே வாய்த்த இக்கண்ணுழைப்பே மைந்தர்க்கு வாழ்நாள் முழுவதும் துணையாயிற்று. லியோபோல்டு யேல் பல்கலைக்கழகத்தில் வனநூல் பயின்று, 1909-ல் முதுநிலைப் பட்டம் பெற்றார்.

அவ்வாண்டே அரசாங்க வன இலாகாவில் அமர்ந்து அரிஸோனா சென்றார். 1905-ல் நிறுவப்பட்ட அவ்விலாகா இன்னும் இளமைப் பருவத்திலிருந்தபோதே ஒரு பேரிடரைக் கண்டது. 1910-ம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஐடஹோ, மாண்டானா மாகாணங்களிற் கடுங்காற்றோடு கூடி எழுந்த தீ, இரண்டே நாட்களில் ஏறத்தாழ 30 லட்சம் ஏக்கர் நிலத்தை எரித்தது. எண்பதின் மேற்பட்டோர் மாண்டனர். அவருட் பெரும்பாலோர் தீயணைக்கச் சென்ற தொழிலாளரே. அதன் பின்னர், சிறிதாயினும் பெரிதாயினும் எத்தீயையும் அணைத்தே தீரவேண்டும் என்பது அவ்விலாகாவின் உறுதியான கோட்பாடாயிற்று. லியோபோல்டும் அக்கோட்பாட்டிலேயே வளர்ந்தார். 1912-ல் நியூ மெக்ஸிகோவிலுள்ள கார்ஸன் வனத்தின் தலைமையதிகாரியானார். எஸ்டெல்லா பெர்ஜிர் என்னும் நங்கையை மணந்ததும் அவ்வாண்டே. மறு ஆண்டிற் சிறுநீரக நோய் அவரை மரணத்தின் வாயில்வரை கொண்டு சென்றது. மீண்டும் பணியேற்க ஓராண்டுக்கு மேலாயிற்று.

1920-ம் ஆண்டில் அவர் எழுதிய கட்டுரைகளுள் இரண்டு ஈண்டுக் குறிக்கத்தக்கன. ஒன்று, தீர்க்கதரிசிகளின் வன அறிவைப்பற்றியது. ஏசாயா, எசேக்கியேல், யோவேல் முதலியோர் மரங்களையும் காட்டுத்தீயையும் குறித்துக் கூறியவற்றை ஒரு வனநூலறிஞர் கண்கொண்டு அதில் ஆராய்ந்தார். வேதத்தைப் பொருளுணர்ந்து கற்பார்க்கு எத்துறையும் அயலன்று என்பதற்கு இது நல்ல சான்று. மற்றொன்று, தீயைப்பற்றியது. காட்டினுள் அவ்வப்போது சிறு தீயிட்டுச் சருகை எரித்துவிட்டாற் பெருந்தீ நேராது என்று சிலர் அந்நாளில் வாதித்தனர். அமெரிக்கப் பழங்குடிகள் தொன்றுதொட்டுக் கையாண்ட முறையை ஒத்தது இது. லியோபோல்டு அதனை வன்மையாக மறுத்தார். இளங்கன்றுகள் கருகும், முதுமரங்கள் ஊறுபடும் என்பன அவர் காட்டிய ஏதுக்கள்.

நிற்க, அக்காலத்தில் அவர் தென்மேற்கு மாகாணங்களின் காடுகளைச் சுற்றிப் பார்வையிடும் அலுவலை மேற்கொண்டிருந்தார். தெற்கு அரிஸோனாவின் மலைச்சரிவுகளிற் புதர் மண்டிக் கிடந்தது. ஓடைகள் கரையிடிந்து ஆழ்ந்த பள்ளங்களாயின. இதன் காரணம் யாது? பழைய ஜூனிப்பர் மரங்களின் அடியில் தீச்சுட்ட வடுக்களை அவர் கண்டார். சுற்றியுள்ள புதர்களோ இளையவை. ஆடுமாடுகள் பெருந்திரளாக வந்தேறிய பின்னரே தோன்றியவை. இவ்விரண்டையும் இணைத்து நோக்கினார், உண்மை புலப்பட்டது. முன்னாளிற் சரிவெங்கும் அடர்ந்த புல் நின்றது. இடியாலும் மாந்தராலும் தோன்றிய தீ அப்புல்லின்மீது அடிக்கடி படர்ந்து, முளைக்கும் புதர்களை எரித்தது. புல்லோ வேரினின்று மீண்டும் தளிர்த்து மண்ணைக் காத்தது. கால்நடைகள் புல்லை மேய்ந்தொழித்தபின், தீ படர்வதற்குப் பற்றுக்கோடு இல்லை. தீ ஒழியவே புதர் செழித்தது. புல்லின்மையால் மண் அரித்துச் செல்லப்பட்டது.

இக்கருத்துக்களை 1924-ல் வனநூல் இதழொன்றில் வெளியிட்டார். இதனால் அவர் காட்டுக்குத் தீயிடுக என்று கூறிவிட்டார் அல்லர். ஆயினும், தீயே முதற் பகைவன், புல் மேய்ச்சலால் வரும் தீங்கு சிறிது என்று எண்ணிய தம் இலாகாவிலிருந்துகொண்டே, மண்ணைக் கெடுப்பதில் மேய்ச்சலே தீயினும் கொடிது என அவர் எழுதியது சிறு செயலன்று. நான்கு ஆண்டுகட்கு முன் தாம் எழுதியதைக் காட்டிப் பிறர் எள்ளுவரே என்ற அச்சம் அவர் கையைத் தடுக்கவில்லை.

அவ்வாண்டே அவர் விஸ்கான்ஸின் மாகாணத்து மாடிஸன் நகருக்கு மாற்றப்பட்டார். 1933-ல் விஸ்கான்ஸின் பல்கலைக்கழகத்திற் காட்டுவிலங்குகளைப் பேணும் நூலுக்குப் பேராசிரியரானார். அப்பல்கலைக்கழகத்தின் மரவியற் பூங்காவில், பாழ்பட்ட வயலொன்றைப் பழைய புல்வெளியாக மீட்கும் பணி 1935-ல் தொடங்கிற்று. ஆராய்ச்சிக்கு வழிகாட்டியவருள் லியோபோல்டும் ஒருவர். வேலையற்ற இளைஞர்க்கென அரசாங்கம் அமைத்த தொழிற்படையினர் நாட்டுப் புல்லையும் பூண்டையும் கொணர்ந்து நட்டனர். ஆயினும் அயற்புல் அவற்றை நெருக்கியது. 1940-க்குப் பின்னர், கர்ட்டிஸ் என்னும் தாவர நூலறிஞரும் அவர் மாணவரும் அங்குத் தீயிட்டுச் சோதித்தனர். வேனிற்றொடக்கத்தில் முந்தி முளைக்கும் அயற்புல் தீயால் நலிந்தது. ஆழ வேரோடிய நாட்டுப்புல் கிளர்ந்தெழுந்தது. மருத்துவன் கைக் கத்தியைப்போல், அறிந்தவர் கையில் தீயும் மருந்தாமென்பது தெளிவாயிற்று.

1935-ல் லியோபோல்டு விஸ்கான்ஸின் ஆற்றோரத்தில் வளமிழந்த பண்ணை நிலமொன்றை வாங்கினார். அங்கு எஞ்சியிருந்த கோழிக்கொட்டிலைச் செப்பனிட்டு, வார இறுதிகளில் மனைவியோடும் மக்கள் ஐவரோடும் தங்கினார். 1936-ம் ஆண்டு வறட்சியால் முதலில் நட்ட கன்றுகளிற் பெரும்பாலன பட்டுப்போயின. அவர்கள் மனந்தளராது ஆண்டுதோறும் நட்டனர். பல்லாயிரம் பைன் மரங்கள் அம்மணற்பாங்கில் எழுந்தன.

1948-ம் ஆண்டு ஏப்ரல் 14-ம் நாள், அவர்தம் கட்டுரைத் தொகுதியை வெளியிட ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பதிப்பகத்தார் இசைந்தனர். ஒரு வாரம் சென்றது. 21-ம் நாட் காலையில் அயலார் பண்ணையிற் புகை எழுந்தது. உலர்ந்த புல்லிற் பற்றிய தீ பரவிவரக் கண்டு, மனைவியாரோடும் இளைய மகளோடும் லியோபோல்டு விரைந்து சென்றார். அணைக்க முயன்றுகொண்டிருக்கையில் மாரடைப்பு நேர்ந்தது. அவ்வெரிபுலத்திலேயே உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 61. அவர்தம் நூல் மறு ஆண்டில் வெளிவந்து உலகெங்கும் பரவியது.

தீயின் நன்மையை உணர்ந்தவர் தீயை அணைக்கச் சென்று மாண்டதென்னை என வினவுவார் உளர். இதில் முரண் யாதுமில்லை. காலமும் இடமும் காற்றும் அறிந்து இடும் தீ வேறு. காவலின்றி அயலான் நிலத்திற் பரவும் தீ வேறு. முன்னதை ஆராய்வது அறிவு. பின்னதை அணைக்க ஓடுவது அன்பு. அறிவு மிகுந்தமையால் அவரிடத்து அன்பு குறைந்திலது.

அவர் விட்டதை மக்கள் தொடர்ந்தனர். மூத்த மகனார் ஸ்டார்க்கர் தலைமையில் அமைந்த குழு, தேசியப் பூங்காக்களில் தீயை முற்றும் தடுத்ததால் காடு புதரடர்ந்து கெட்டதென்றும், முறையறிந்து தீயைப் பயன்படுத்த வேண்டுமென்றும் 1963-ல் அறிக்கை விடுத்தது. 1968-ல் தேசியப் பூங்கா இலாகா தன் கொள்கையை மாற்றிக்கொண்டது. இன்று அந்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றிற் காட்டுத்தீயின் இயல்பை ஆராயும் மாணவர் கழகங்கள் உள்ளன. அவற்றின் மாணவர் நூலைக் கற்பதோடமையாது, மூத்தோர் மேற்பார்வையிற் புல்வெளிக்குத் தீயிடவும் அதனை அணைக்கவும் பயில்கின்றனர்.

மாணவ நண்பர்களே! தேர்வுக்கெனக் கற்றதைத் தேர்வோடு மறப்பதும், ஒருமுறை கூறியதை உயிர் போமளவும் சாதிப்பதும் கல்வியாகா. கண்டதை ஆராய்ந்து, பிழையெனின் விடுத்து, மெய்யெனின் ஏற்று, அயலானுக்கு இடர் வந்துழி ஏட்டை வைத்து எழுந்து ஓடுவதே கல்வியின் பயன். இதனை லியோபோல்டின் வாழ்வும் சாவும் நமக்கு உணர்த்துகின்றன.