சுண்டெலி சொன்ன சாட்சி

கொசுக்கடியை நாம் பெரிதாக எண்ணுவதில்லை. ஆயினும் கொசு பரப்பிய மஞ்சள் காய்ச்சல் ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் எண்ணற்ற உயிர்களைக் குடித்தது. 1899இல் தென் ஆப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் பிறந்த மாக்ஸ் டைலர், அமெரிக்கா சென்று அதனை ஆராய்ந்தார். ஆராய்ச்சியின்போது அந்நோய் அவரையே பற்றியது. பிழைத்தெழுந்தார், பின்வாங்கவில்லை.

இச்சோதனைகளுக்கு விலைமிக்க குரங்குகள் தேவையில்லை, சுண்டெலிகளே போதும் என்று 1930இல் காட்டினார். அதன்பின், ஒருவரது இரத்த நீரையும் நோய் வைரஸையும் சுண்டெலிக்குச் செலுத்திப் பார்த்தனர். எலி பிழைத்தால், அம்மனிதரின் இரத்தத்தில் எதிர்ப்பொருள் உண்டு. அந்நோய் அவரை முன்பே தொட்டுவிட்டது என்று பொருள். இவ்வாறு, நோய் மறைந்து உலவிய ஊர்கள் வெளிப்பட்டன.

1937இல் தடுப்பூசி கண்டார், 1951இல் நோபல் பரிசு பெற்றார், 1972இல் மறைந்தார். மறைந்திருக்கும் துன்பத்தைத் தேடிக் காணும் கண் நமக்கும் வேண்டும்.