கலைவாணர் கண்ட நகைச்சுவை நெறி

மெய்ப்பாடுகள் எட்டினுள் நகையையே முதற்கண் வைத்து எண்ணினார் தொல்காப்பியர். அந்நகை பிறக்கும் களன்களுள்ளும் எள்ளலுக்கே முதலிடம் நல்கினார். இவ்வெள்ளலை இருவகைப்படுத்திக் காட்டுவார் உரையாசிரியராகிய பேராசிரியர். பிறரை இகழ்ந்து நாம் நகைப்பது ஒன்று. பிறர் நம்மை இகழுமிடத்து நாமே நகைத்துக் கொள்வது மற்றொன்று. முன்னது எவர்க்கும் எளிது. பின்னதனைத் தம் கலைக்கும் வாழ்வுக்கும் நெறியாகக் கொண்டவர் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் ஆவார்.

நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் சுடலைமுத்துப் பிள்ளை, இசக்கியம்மாள் இணையர்க்கு 29.11.1908 அன்று பிறந்தார் கிருஷ்ணன். வறுமை அவரது கல்வியைத் தொடக்கப் பள்ளியோடு நிறுத்திற்று. நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்றார். டென்னிஸ் மட்டைக்கு நரம்பு கட்டும் வேலையும் பார்த்தார். நாஞ்சில் நாட்டு வில்லுப்பாட்டே அவருக்கு முதற் பள்ளியாயிற்று. பின்னர் டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் சேர்ந்து, எவ்வேடமும் ஏற்கும் வல்லமை பெற்றார்.

எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கி 1936 இல் வெளிவந்த ‘சதி லீலாவதி’ படத்தில் நடித்த காலந்தொட்டு, தம் நகைச்சுவைப் பகுதிகளைத் தாமே அமைத்துக்கொள்ளும் வழக்கம் அவரிடம் வேரூன்றியது. திருவரங்கத்தைச் சேர்ந்த டி.ஏ.மதுரம் வாழ்க்கைத் துணையாகவும் கலைத் துணையாகவும் வாய்த்தார். இருவரும் இணைந்து தோன்றிய காட்சிகளுக்காகவே மக்கள் கொட்டகைக்கு வந்த காலம் ஒன்று உண்டு.

புகழின் உச்சியில் இருந்தபோதே இடி விழுந்தது. 1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில் ‘இந்து நேசன்’ இதழாசிரியர் இலட்சுமிகாந்தன் குத்தப்பட்டு உயிர் துறந்தார். அவ்வழக்கில் எம்.கே.தியாகராஜ பாகவதரும் கிருஷ்ணனும் கைது செய்யப்பெற்று, 1945 மே மாதம் ஆயுள் தண்டனை விதிக்கப்பெற்றனர். அவ்வாண்டிலேயே மேல்முறையீடும் தள்ளுபடியாயிற்று. வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, மறு விசாரணைக்காகச் சென்னைக்கே திரும்பியது. வழக்கறிஞர் வி.எல்.எத்திராஜ் வாதாட, நீதிபதிகள் ஹேப்பெலும் சகாபுதீனும் 1947 ஏப்ரலில் இருவரையும் குற்றமற்றவர் என விடுவித்தனர். அதுகாறும் நாடகக் குழுவைச் சிதையாமல் காத்தவர் மதுரம் அம்மையாரே, நடிகர் எஸ்.வி.சகஸ்ரநாமம் உடனிருந்து உழைத்தார்.

அமெரிக்க மண்ணில் மேடையில் ஒருவர் தனித்து நின்று பேசி நகைப்பூட்டும் கலையை வளர்த்தவருள் யூதக் குடும்பத்தினர் பலர். அவர்களுள் லென்னி புரூஸ் என்பார் தம் மேடைப் பேச்சின் பொருட்டே 1964 இல் நியூயார்க்கில் தண்டிக்கப்பெற்று, 1966 இல் நாற்பது வயதிலேயே மாண்டார். 2003 இல்தான் அவருக்கு மன்னிப்பு வழங்கப்பெற்றது. கிருஷ்ணன் மீதான வழக்கோ கொலை வழக்கு, இரண்டும் ஒன்றல்ல. எனினும், பிறரைச் சிரிக்க வைத்தவர் நீதிமன்றக் கூண்டில் நின்றபின் மீண்டும் அவரால் சிரிக்க வைத்தல் கூடுமோ எனும் வினா இருவர்க்கும் பொதுவாகும். புரூசுக்கு அதற்குக் காலம் வாய்க்கவில்லை. கிருஷ்ணனோ மீண்டு வந்தார். தம் கலையை முன்னினும் ஆழப்படுத்தினார்.

அதற்குச் சான்று ‘கிந்தனார்’ கதாகாலட்சேபம். அறிஞர் அண்ணா எழுத, கிருஷ்ணன் - பஞ்சு இயக்கிய ‘நல்லதம்பி’ (1949) படத்தின் வழி அது நாடெங்கும் பரவியது. பாடல்களை யாத்தவர் உடுமலை நாராயணகவி. இக்கதை நம் பகுதிக்கு உரியது என்பதை நாம் மறத்தல் ஆகாது. கொள்ளிடக் கரையைச் சார்ந்த ஆதனூரில் உழுது பிழைத்த நந்தனார், தில்லையைக் காண ஏங்கி நாளைப் போவேன், நாளைப் போவேன் என்றிருந்தார். அவ்வரலாற்றைக் கோபாலகிருஷ்ண பாரதியார் கீர்த்தனைகளாக்கினார். கலைவாணர் அதே காலட்சேப அமைப்பை மேற்கொண்டு, நந்தனைக் கிந்தன் ஆக்கினார். நந்தன் சிதம்பரம் போக விழைந்தான். கிந்தன் படிக்கச் சென்னை போக விழைந்தான். எல்லாச் சாதியாரும் ஒரே வண்டியில் அமர்ந்து செல்லும் புகைவண்டியே கிந்தனுக்குக் கிடைத்த தேர். நந்தனாரின் பக்தியை எள்ளாமல், அவரை வாயிலில் நிறுத்திய வழக்கத்தை மட்டும் எள்ளினார் கலைவாணர். தொடக்கப் பள்ளியைத் தாண்ட இயலாத ஒருவர் கல்வியைப் பாடினார் என்பதே அதன் உருக்கம். சுவாமி சகஜானந்தர் 1916 இல் சிதம்பரத்தில் நந்தனார் பெயராலேயே கல்விக்கூடம் கண்டதை எண்ணுங்கால், கிந்தன் வெறுங்கற்பனை அல்லன் என்பது புலனாகும்.

‘மணமகள்’ (1951), ‘பணம்’ (1952) ஆகிய படங்களை அவர் இயக்கினார். ஈட்டிய பொருளை இல்லை என்று வந்தார்க்கு எல்லாம் ஈந்தார். 30.8.1957 அன்று ஐம்பதாம் அகவை எய்துமுன்னரே மறைந்தார். 1969 சனவரியில் சென்னை தியாகராய நகரில் அவர் சிலையைத் திறந்து வைத்ததே அண்ணா கலந்துகொண்ட இறுதிப் பொது நிகழ்ச்சிகளுள் ஒன்றாயிற்று.

நம் மாணவச் செல்வங்கள் கல்லூரி மேடைகளில் நகைச்சுவை நிகழ்த்துகின்றனர். உடன் பயில்வோரின் உடற்குறை, ஊர்வழக்கு, சாதி, சமயம் ஆகியவற்றைத் தொட்டால் அரங்கு உடனே அதிரும். ஆயின் கடைசி வரிசையில் ஒருவர் தலைகுனிந்து வெளியேறுவார். அவரும் அமர்ந்திருந்து சிரிக்குமாறு பேசுதல் அரிது. அவ்வரிய வழியைத் தேர்ந்தவர் கலைவாணர். அவ்வழியே நாமும் பயிலத்தக்கது.