எழுபது வயதில் சாரணர் வேலை

ஒரு மாதமாக நம் சாரணியர் படை சனிக்கிழமை கூடவில்லை. ஒரு டீச்சர் மட்டும் போதாது, துணைக்கு இன்னொரு பெரியவரும் வேணும். யார் வருவாங்க? அப்போதுதான் அன்னி பெசன்ட் அம்மையாரைப் பற்றிப் படித்தேன்.

அவர் 1847 அக்டோபர் 1-ல் லண்டனில் பிறந்தார். 1893-ல் இந்தியா வந்தார். 1907-ல் அடையாறு பிரம்மஞான சபையின் தலைவரானார். பிறகு நியூ இந்தியா பத்திரிகை நடத்தினார். நமக்குச் சுயாட்சி வேண்டும் என்று போராடினார்.

நம்ம ஓசூருக்குப் பக்கத்துல இருக்கிற பெங்களூரில் 1909-லேயே சாரணர் படை வந்துவிட்டது. ஆனால் அன்று அதில் இந்தியப் பிள்ளைகளுக்கு இடமில்லை. அதனால் அம்மையாரும் அருண்டேலும் 1917-ல் சென்னையில் இந்தியச் சாரணர் சங்கம் தொடங்கினார்கள். அந்த வருடம்தான் அம்மையாருக்கு எழுபது வயது நிறைந்தது! அதே வருடம் ஆங்கில அரசு அவரை ஊட்டியில் காவலில் வைத்தது. விடுதலையானதும் காங்கிரஸ் தலைவரானார். 1921-ல் பேடன் பவல் இந்தியா வந்தபோது, அம்மையாரின் சங்கம் அவருடைய இயக்கத்தோடு சேர்ந்தது. 1933 செப்டம்பர் 20-ல் அம்மையார் அடையாறில் காலமானார்.

இத்தனை வேலையிலும் அவர் பிள்ளைகளுக்காக நேரம் ஒதுக்கினார். எங்க அம்மாவுக்கு கம்பெனியில ஷிப்ட் வேலை. ஆனாலும் மாதத்தில் ஒரு சனிக்கிழமை வர்றேன்னு சொல்லிட்டாங்க. உங்க வீட்லயும் கேட்டுப் பாருங்க. இன்னும் மூணு அம்மா வந்தா போதும், நாலு சனிக்கிழமையும் நம்ம படை கூடும்!