பார்வை காத்த மருத்துவர்

ஆல்பிரெக்ட் வான் கிரேஃபே 1828ஆம் ஆண்டு மே 22ஆம் நாள் பெர்லின் நகரில் பிறந்தார். தந்தையார் புகழ்பெற்ற அறுவை மருத்துவர். பன்னிரண்டு வயதில் தந்தையை இழந்தபோதும் கிரேஃபே கல்வியில் தளரவில்லை. 19ஆம் வயதில் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர் பிராகு, பாரிஸ், வியன்னா, இலண்டன் ஆகிய நகரங்களுக்குச் சென்று பயின்றார். பெர்லினுக்குத் திரும்பிக் கண் மருத்துவமனை ஒன்றைத் தொடங்கி, ஏழைகளுக்குக் கட்டணமின்றி மருத்துவம் செய்தார்.

அக்காலத்தில் மருத்துவர்களைக் கைவிரிக்கச் செய்த நோய் ஒன்று இருந்தது. அதுவே கிளாக்கோமா என்னும் கண் அழுத்த நோய். கண்ணின் உள்ளே நீர் ஊறுவதும் வடிவதும் இயல்பு. வடியும் வழி திடீரென அடைபட்டால் அழுத்தம் பெருகும். கடும் வலி தோன்றும். காட்சியை மூளைக்குக் கொண்டுசெல்லும் பார்வை நரம்பு நசுங்கும். பார்வை விரைவில் மறையும்.

ஹெல்ம்ஹோல்ட்சு என்னும் அறிஞர் உருவாக்கிய கண்ணோக்கியின் துணையால் கிரேஃபே நோயாளிகளின் கண்ணுக்குள் நோக்கினார். நரம்பின் முனை வீங்கியிருப்பதாக முதலில் கருதினார். அது வீக்கமன்று, அழுத்தத்தால் உண்டான குழிவு என்பது பின்னர்த் தெளிவாயிற்று. தம் பிழையை மறைக்காமல் திருத்திக்கொண்டார்.

அழுத்தத்தைக் குறைத்தால் நரம்பைக் காக்கலாம் என அவர் எண்ணினார். கண்மணியைச் சூழ்ந்துள்ள வண்ணப் படலத்தில் சிறு பகுதியை வெட்டி நீக்கினார். அழுத்தம் தணிந்தது; வலி நீங்கியது; பலருக்குப் பார்வை மீண்டது. 1857ஆம் ஆண்டு இம்முறையை உலகிற்கு அறிவித்தார். மெல்ல மெல்ல வளரும் கிளாக்கோமாவில் இம்முறை அதே அளவு பயன் தரவில்லை என்பதையும் அவர் ஒளிக்கவில்லை.

மாணவர் பலர் அவரை நாடி வந்தனர். காசநோய் உடலை வருத்தியபோதும் அவர் பணியைக் கைவிடவில்லை. 1870ஆம் ஆண்டு, 42ஆம் வயதில் மறைந்தார். பெர்லினில் அவருக்குச் சிலை எழுப்பப்பட்டுள்ளது.

முற்றிலும் அழிந்த பார்வை நரம்பு மீண்டும் தளிர்ப்பதில்லை. ஆகவே, காலம் தாழ்த்தாத மருத்துவமே கண்ணைக் காக்கும். கிரேஃபேயின் வாழ்வு உணர்த்தும் உண்மை இதுவே.

சொற்பொருள்
கைவிரித்தல் – இயலாது எனக் கூறுதல்
நாடி – தேடி
தணிந்தது – குறைந்தது

விடை எழுதுக
1. கண்ணினுள் அழுத்தம் பெருகுவது ஏன்?
2. கிரேஃபே திருத்திக்கொண்ட பிழை யாது?
3. கண் நோய்க்கு உடனே மருத்துவம் செய்தல் வேண்டும். ஏன்?