மேரி சீகோல்: கதவடைக்கப்பட்ட தாதி

ஆண்டுதோறும் மே 12ஆம் திகதி, புளோரன்ஸ் நைட்டிங்கேலின் பிறந்த தினம், சர்வதேச தாதியர் தினமாக அனுஷ்டிக்கப்படுகின்றது. அதற்கு இரண்டு நாட்கள் கழித்து வரும் மே 14, அதே கிரிமியப் போரில் பணியாற்றிய மற்றுமொரு பெண்மணியின் நினைவு தினமாகும். மேரி சீகோல் என்ற அவரை நினைவுகூருவோர் சிலரே.

1805இல் ஜமேக்காவின் கிங்ஸ்டன் நகரில் மேரி பிறந்தார். தந்தை ஸ்கொட்லாந்துப் படைவீரர். தாயார் விடுதி நடத்தியவாறே மூலிகை வைத்தியமும் பார்த்த கறுப்பினப் பெண். பாடசாலையோ பட்டமோ அன்றி, தாயாரின் விடுதியில் நோயுற்றுக் கிடந்த படையினரே மேரிக்குப் பாடநூலாயினர்.

1850இல் கிங்ஸ்டனைக் கொலரா சூறையாடியது. அந்த அனுபவத்துடன் 1851இல் பனாமாவின் குரூசெஸ் என்ற ஆற்றோரக் கிராமத்தில் தம் சகோதரரிடம் சென்றார். அங்கு ஒருவர் திடீரென மரணமடைய, நஞ்சூட்டப்பட்டார் என ஊரார் சந்தேகித்தனர். உடலைப் பார்வையிட்ட மேரி, அது கொலரா என்பதை உடனே இனங்கண்டார். நம்பத்தக்க வைத்தியர் எவரும் இல்லாத அக்கிராமத்தில் குடிசை குடிசையாகச் சென்று சிகிச்சையளித்தார். வசதி படைத்தோரிடம் கட்டணம் பெற்றார். ஏழைகளிடம் எதுவும் பெறவில்லை. ஈற்றில் அவரையும் கொலரா பீடித்தது; எனினும் பிழைத்தெழுந்தார். அன்றைய சிகிச்சைகளில் சில தவறானவை என்பதைப் பின்னாளில் அவரே ஒளிவின்றி ஒப்புக்கொண்டார்.

1853இல் ஜமேக்காவில் மஞ்சள் காய்ச்சல் பரவியபோது, இராணுவ முகாமுக்குத் தாதியரை ஒழுங்குசெய்து தருமாறு இராணுவ மருத்துவ அதிகாரிகளே அவரை நாடினர். ஆயின், 1854இல் கிரிமியா செல்ல விரும்பி லண்டனில் அவர் ஏறியிறங்கிய அலுவலகங்கள் யாவும் கைவிரித்தன. தமது தோலின் நிறமே காரணமோ என அவர் மனம் வெதும்பினார். ஆனாலும் துவண்டுவிடவில்லை. சொந்தச் செலவில் புறப்பட்டு, 1855இல் பலக்லாவாவுக்கு அண்மையில் பிரிட்டிஷ் ஹோட்டல் என்ற நிலையத்தை அமைத்தார்.

அது வைத்தியசாலையன்று, உணவும் பொருட்களும் விற்ற கடையே. எனினும் நோயுற்ற படையினர் மருந்து நாடி அங்கு வந்தனர். பலக்லாவாத் துறைமுகத்தில் கப்பலுக்காகக் காத்துக் கிடந்த காயமடைந்தோருக்குக் கட்டுப் போட்டார். தேநீர் அருந்தக் கொடுத்தார். குண்டுகள் விழுந்த களத்திற்கும் மருந்துப் பையுடன் சென்றார்.

அதே போரில், எதிர்த்தரப்பான ரஷ்யாவின் செவஸ்தபோல் நகரில், சத்திரசிகிச்சை நிபுணர் பிரகோவ், காயமடைந்தோரை அவசரத்திற்கேற்ப வகைப்படுத்தும் முறையைத் தாதியரின் துணையுடன் நடைமுறைப்படுத்தினார். இன்றைய அவசர சிகிச்சைப் பிரிவுகளில் காணப்படும் நடைமுறையின் முன்னோடிகளுள் அதுவும் ஒன்று. அங்கு தாதியருக்கு இடமளிக்கப்பட்டது. மேரியோ தமக்கான இடத்தைத் தாமே தேடிக்கொள்ள நேர்ந்தது.

1856இல் போர் முடிந்தது. விற்பனையாகாத பொருட்களால் மேரி வங்குரோத்து நிலையடைந்தார். அவரை மறவாத படையினர் 1857இல் நிதி திரட்டும் விழா நடத்தினர். அதே ஆண்டில் அவரது சுயசரிதை வெளியாயிற்று. 1881 மே 14இல் லண்டனில் காலமான அவர், பல தசாப்தங்கள் மறக்கப்பட்டிருந்தார். 2016இலேயே லண்டன் சென் தோமஸ் வைத்தியசாலை வளவில் அவருக்குச் சிலை எழுந்தது.

நோயாளியை முதலில் காண்பவர் பெரும்பாலும் தாதியே. அவரது கணிப்புக்குச் செவிசாய்க்காத நிர்வாகம் இழப்பது ஓர் ஊழியரை மட்டுமன்று, காப்பாற்றப்பட்டிருக்கக் கூடிய உயிர்களையுமாகும். மேரி சீகோலின் வாழ்வு உணர்த்தும் பாடம் இதுவே.