மரியா மாண்டிசோரி அம்மையார்

மார்க்கையன்கோட்டை வயல்வெளிகளுக்கு வடக்கே பழனிமலைத் தொடர் ஓங்கி நிற்கின்றது. அத்தொடரின்மீது விளங்கும் கொடைக்கானலில், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், உலகம் புகழும் ஆசிரியை ஒருவர் ஏறக்குறைய இரண்டாண்டு தங்கிச் சிறுவர்க்குக் கல்வி புகட்டினார். அவரே மரியா மாண்டிசோரி அம்மையார்.

இவர் 1870-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள் இத்தாலி தேசத்துக் கியாரவல்லே என்னும் ஊரிற் பிறந்தார். 1896-இல் ரோமாபுரிச் சர்வகலாசாலையில் வைத்தியப் பட்டம் பெற்றார். மனவளர்ச்சி குன்றிய சிறுவர்க்குச் சிகிச்சை செய்யப் புகுந்தவர், அவர்க்கு மருந்தினும் கல்வியே வேண்டப்படுவதெனத் தெளிந்தார். 1907-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள், ரோமாபுரியில் ஏழைகள் வாழ்ந்த சான் லோரென்சோப் பகுதியில், தொழிலாளர் மக்களுக்கெனக் குழந்தைகள் இல்லம் ஒன்றைத் திறந்தார்.

பொறுமையும் அன்பும் வாயுபதேசத்தால் மட்டும் வருவன என்று அம்மையார் எண்ணினாரல்லர். அன்றாடப் பாடத்திலேயே அவற்றைப் பொருத்தி வைத்தார். ஒவ்வொரு கருவியும் வகுப்பில் ஒன்றே இருக்கும். ஒரு பிள்ளை அதனைக் கையாளுங்கால் மற்றொரு பிள்ளை காத்திருத்தல் வேண்டும். அதுவே பொறுமைப் பாடமாயிற்று. வெவ்வேறு வயதினர் ஓரறையிற் பயின்றமையால், மூத்தோர் இளையோர்க்கு உதவக் கற்றனர். பிழையைக் கருவியே காட்டிவிடுமாதலால், பலர் முன்னிலையிற் கடிந்து நாணச் செய்யும் வழக்கத்திற்கு இடமில்லாது போயிற்று. மௌன விளையாட்டில், அசையாது அமர்ந்து தம் பெயர் மெல்ல அழைக்கப்படுவதற்குச் செவிசாய்த்த பிள்ளைகள் தம்மை அடக்கியாளப் பழகினர்.

1939-இல் பிரம்மஞான சங்கத்தாரின் அழைப்பை ஏற்றுச் சென்னை அடையாற்றுக்கு வந்து, ஆசிரியர் பலர்க்குப் பயிற்சியளித்தார். 1940 ஜூன் மாதம் இத்தாலி போரிற் புகவே, ஆங்கில அரசாங்கம் அவர்தம் மகன் மாரியோவைச் சிறைக்காவலில் வைத்தது, அம்மையாரும் தடைக்குட்பட்டார். அவரது எழுபதாம் பிறந்தநாளையொட்டி மகன் விடுவிக்கப்பட்டார். இத்துணை இன்னலிலும் அவர் தம் பணியைக் கைவிடவில்லை. பின்னர்க் கொடைக்கானலிலும் பல வயதுச் சிறுவரை ஒருங்கே கூட்டிச் செடிகொடிகளையும் சிற்றுயிர்களையும் காட்டி, உலகில் ஒன்றையொன்று சார்ந்தே யாவும் வாழ்தலை உணர்த்தினார். 1952-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள் ஹாலந்து தேசத்தில் உயிர்நீத்தார்.

மாணாக்கர்காள்! உங்களுட் பலர் நாளை கம்பம் பள்ளத்தாக்கின் சிற்றூர்களில் ஆசிரியராவீர். அங்கே விலையுயர்ந்த கருவிகள் இல்லாதிருக்கலாம். ஆயினும், தன் முறைக்குக் காத்திருக்கவும், அயலானுக்கு உதவவும், பிழையை அஞ்சாது திருத்தவும் கணக்குப் பாடத்திலேயே கற்பித்தல் கூடும். அதற்கு வேண்டுவது ஆசிரியரின் பொறுமையே.